நின்று எரிவதும் சிமிட்டுவதும்

மூன்று மாதமாய் நின்று எரிந்த விளக்கோடு
எனக்குப் பகையில்லை.
பெட்ரோல் மூடி சரியாகத் திருகவில்லை என்றான் ஒருவன்.
சென்சார் என்றான் இன்னொருவன்.
மஞ்சளாய், சின்னதாய்,
கட்டாத வீட்டுவரி போல அதுபாட்டுக்கு இருந்தது.

இன்று தோ-அஷூ கணவாய் ஏற்றத்தில்,
மே மாதத்துப் பனி இன்னும் அழுக்காய்க் கிடக்கும் வளைவில்,
அது சிமிட்டத் தொடங்கியது.

வண்டி நொண்டியது.
கல் குத்திய குதிரை
மூன்று காலை ஊன்றிவிட்டு
நான்காவதைப் பற்றி யோசிப்பதுபோல.

பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி,
உள்ளே நானூறு ஆடுகளுக்குத் தடுப்பூசி.
பக்கத்தில் கொழுந்தன் துராத்.
அவன் கையில் பிளாஸ்டர் சுருள்.
விளக்கின்மேல் ஒட்டிவிட்டான்.
"இப்ப சரியா, அண்ணி?"

பிளாஸ்டருக்கு அடியிலும் துடித்தது,
தூங்குகிறவன் இமைக்குள் கண் உருள்வதுபோல.

ஓரம்கட்டினேன். டயருக்குக் கல் வைத்தேன்.
ஜப்பானில் பிறந்த வண்டி.
சாவி திருப்பும்போதெல்லாம்
ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லும்.
ஆறு வருடமாய்க் கேட்கிறோம், ஒருவருக்கும் புரிந்ததில்லை.
இன்றும் சொன்னாள், அதே பணிவோடு.

பானெட்டைத் தூக்கிக் காது கொடுத்தேன்.
இந்த இன்ஜின் வெடிக்கும் வரிசை:
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
எனக்குக் கேட்டது:
ஒன்று, மூன்று, நான்கு,

ஒன்று, மூன்று, நான்கு,

இடையில் யாரோ வாய் திறந்து
சொல்லாமல் மூடிக்கொண்டார்கள்.

ரீடரைச் செருகினேன். போனில் வந்தது பி0302.
இரண்டாவது சிலிண்டரில் தீ இல்லை.
எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.
ஏன் என்பதற்குப் பத்து எம்எம் ஸாக்கெட் வேண்டும்.
அதுவோ என்றைக்கும் பெட்டியில் இருக்காது.
பழைய ஆள்போல் தலையைச் சொறிந்த துராத்
தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான்.
பார்க்க அழகாயிருந்ததாம், கோத்துக்கொண்டானாம்.

இரண்டின் காயிலை மூன்றில் வைத்தேன்,
மூன்றின் காயிலை இரண்டில்.
சந்தேகப்பட்ட ஆளை வேறு தெருவில் குடிவைத்துவிட்டு
களவு எந்தத் தெருவில் போகிறது என்று பார்க்கும் வேலை.
விரல் மரத்திருந்தது. ஒரு போல்ட் விழுந்து
பனிக்குள் போய்த் திரும்பி வந்தது.

மறுபடி சாவி. மறுபடி ஜப்பான்காரி.
பி0303.

ஆக, பிளக் நிரபராதி.
குற்றம் காயிலோடு வீடு மாறியிருந்தது.

"மூணு சிலிண்டர்ல ஏறிடலாமே?" என்றான்.
ஏறலாம்தான்.
ஆனால் எரியாத பெட்ரோல் சும்மா போகாது, துராத்.
கீழே புகைக்குழாயில் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான்;
அங்கே இறங்கி, அதை உள்ளிருந்து எரிக்கும்.
அந்தக் கூடு என் இரண்டு மாதச் சம்பளம்.
விளக்கு சிமிட்டுவது அதற்காகத்தான்.

மூன்றின் இன்ஜெக்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு
சோஸ்னோவ்காவுக்கு இறக்கத்தில் உருட்டி வந்தோம்.
லாரிகள் ஹாரன் அடித்தன.
ஒரு மாட்டுக்கு மட்டும் நாங்கள் பரவாயில்லை போலும்,
வழிவிட்டது.

மெலிஸின் கடை ஒரு துருப்பிடித்த கண்டெய்னர்.
மோதி நசுங்கிய டொயோட்டாவிலிருந்து
பல் பிடுங்குவதுபோல் ஒரு காயிலைப் பிடுங்கினான்.
ஆயிரத்து ஐந்நூறு சோம்.
"கேரண்டி?"
"சுரங்கம் வரைக்கும்."
ஆயிரத்து இருநூறுக்கு வந்தான்,
கேரண்டியும் சுரங்கத்துக்கு முந்திய வளைவுக்கு வந்தது.

பொருத்தினேன். ஒயரை மாட்டினேன்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஐஸ் பெட்டியின் தெர்மாமீட்டரில் ஏழு டிகிரி.
எட்டு ஆகியிருந்தால் நானூறும் வெறும் தண்ணீர்.

சுரங்கத்துக்குள் பிளாஸ்டரை உரித்தேன்.
இருட்டில் இருட்டாக ஒரு புள்ளி,
சுற்றிலும் பசைப் பிசுக்கு.
துராத் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கம் சூசமிர் பள்ளத்தாக்கு
திடீரென்று பச்சையாய்க் கிடந்தது.
இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம்.
மஞ்சள் விளக்கு வந்தது.

மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.
நின்றுதான் எரிந்தது.

சரி. நீதானா.
அடுத்த மாதம் பார்க்கலாம்.