வேறொரு பை

நகோயாவில் முதியோரைக் குளிப்பாட்டும் நாத்தனார் விர்ஜிலின்
குரல் அனுப்பியிருந்தாள்:
"மைனி, இங்க ஊரு கேக்கதுக்கு முன்ன
என்ன குரூப்புன்னு கேக்குதாவ.
ஏ-ன்னா சொன்னது சாகுற வர உள்ளயே இருக்குமாம்.
ஓ-வுக்குக் கை தாராளம்.
ஏபி-க்கு ரெண்டு மொகம்.
பி-ன்னா வாய் நிக்காதாம்.
நீங்க பி தானே?"
பின்னால் ஒரு கிழவர் இருமுவதும்
தண்ணீர் விழுவதும் கேட்டது.

ஆசாரிப்பள்ளம் ரத்த வங்கியில் பதினாறு வருடம்.
கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து
குச்சியால் கலக்கி
திரிகிறதா என்று பார்க்கிறவள் நான்.
திரிந்த பால்போல் மணிமணியாய் ஒதுங்கும்.
யாருடைய குணமும் அதில் மிதந்து கண்டதில்லை.

போன ஐப்பசி மழையில், அருமனைப் பக்கம்,
அயினிக் கொம்பு ஒடிந்து தங்கையன் மேல் விழுந்தது.
குழித்துறைக் கோர்ட்டில் ஒன்பது வருடமாய்
அண்ணனும் தம்பியும் வழக்காடுகிற
அதே அயினி.

அண்ணன் ஞானாபரணம் வந்தார்.
கேட்கும் முன்பே சட்டைக் கையை மடக்கினார்.
இருவருக்கும் ஓ பாசிட்டிவ்.
"அவனுக்க ரத்தம் எனக்கு வேண்டாம்!
ஏறினா அவனுக்க பிசுநாறிப் புத்தியும்
கூடத்தான் ஏறும்"
கத்தக் கத்தவே தங்கையன் மயங்கிப்போனான்.
கையெழுத்தை அவன் பெண்டாட்டி போட்டாள்.

ஒரு பை வாங்கினேன்.
ஒரு பை கொடுத்தேன்.
எங்கள் கணக்கு அப்படித்தான்:
வருவது சோதனைக்குப் போகும்,
போவது முன்பே சோதித்துக் குளிர்ந்து கிடக்கும்.
தங்கையனுக்குள் இறங்கியது
தக்கலைக் கல்லூரி முகாமில்
பிஸ்கட்டுக்கும் மாம்பழ ஜூசுக்கும்
சிரித்துக்கொண்டே படுத்த எவனோ பையனுடையது.
ஞானாபரணத்தின் ரத்தம் நாலாம் நாள்
குளச்சலிலிருந்து வந்த பிரசவக்காரிக்கு.

இப்போது தங்கையன்
கட்டன்சாயாவுக்குச் சீனி போடுவதில்லையாம், அண்ணனைப்போல.
வெட்டிய தேங்காயை எண்ணி அடுக்குகிறானாம்.
ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு
ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிறானாம்.
"ரத்தம் பேசுகு, சிஸ்டர்"
மருந்துச் சீட்டோடு வந்தவள் சொன்னாள்,
பாதி பயம், பாதி பெருமை.
வாய்தாவுக்கு ரெண்டு பேரும் போகவில்லை, வழக்கு தள்ளுபடி.
அயினியை விற்ற காசில் பங்கு பேசும்போது
மறுபடி மண்டை உடைந்தது.
அதற்கும் வைத்திருந்தாள்:
"ஒரே ரத்தம் இல்லியா, முட்டத்தானே செய்யும்?"

நான் காதுக்குப் பின்னால் பேனாவைச் செருகிக்கொண்டேன்.
குளச்சலில் ஒருத்தி
கைப்பிள்ளையோடு எழுந்துபோய்
பூட்டை ரெண்டாம் தடவை இழுத்துப் பார்க்கிறாளா
என்று கேட்டுவர ஆசைதான்.

பதிவேட்டில் பை எண் இருக்கிறது.
பதினோரு மாதம், யாரிடமும் மூச்சு விடவில்லை.
விர்ஜிலினுக்குப் பதில் அனுப்பினேன்:
"ஆமா மக்கா, பி பாசிட்டிவ்."
அவ்வளவுதான் அவளுக்கு.
மீதியை, பேர் மாற்றி,
உங்களிடம்.