வாதாங்கொட்டை அளவு

சொளவில் இலை, இலையில் தூள்,
விரல் மடக்கி நூல் சுற்றும் நேரம்
டயர் எரிகிற வாசம் வரும்.
மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில்
எந்த டயரும் எரியாது.
அடிவயிற்றில் கிளம்பி நெஞ்சுக்குழி வரை
ஒன்று ஏறும்.
பீடி பாதியில் நிற்கும்.
நாற்பது எண்ணுவதற்குள் இறங்கிவிடும்.
இறங்கும்வரை
எதைக் கண்டென்று தெரியாத பயம்.
கத்தரிக்கோலைப் பார்த்தால் கத்தரிக்கோல்தான்.
சுவரைப் பார்த்தால் சுவர்தான்.
ஆனாலும் பயம்.

வாயு என்றார்கள். நெஞ்சுவலி என்றார்கள்.
ஓதிய தண்ணீர் ஒரு குடம் குடித்திருப்பேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ஞானதிரவியம் டாக்டர்
மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையைத்
தூக்குச்சட்டி திறப்பதுபோல் இரண்டாய்க் கழற்றினார்.
நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், காதுக்கு நேர் உள்ளே,
யாரோ ஒளித்து வைத்ததுபோல் ஒட்டியிருந்தது.
அமிக்டலா.
கிரேக்க மொழியில் வாதுமை என்று அர்த்தமாம்.
எனக்குப் பள்ளிக்கூடத்து வாதாமரம் ஞாபகம் வந்தது.
கொட்டையைக் கல்லால் தட்டி
விரலை நசுக்கிக்கொண்டு எடுத்தால்
உள்ளே நூல்போல ஒரு பருப்பு.
அதற்கா இவ்வளவு?

"இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
கண்ணும் காதும் கண்டதை, கேட்டதை
யோசிக்கிற மூளை விசாரித்து முடிப்பதற்குள்
சேதி குறுக்குச் சந்தில் ஓடிவந்து இதன் கதவைத் தட்டிவிடும்.
மூக்குக்குச் சந்துகூட வேண்டாம், பக்கத்து வீடு.
இது உத்தரவு போட்டால்தான்
உள்ளங்கை வேர்க்கும், இதயம் அடிக்கும்,
கால் ஓடும், இல்லையென்றால் உறைந்து நிற்கும்.
பின்னால் கடற்குதிரை மாதிரி வளைந்திருக்கிறதே,
அது கணக்கெழுதி வைக்கும், எங்கே, எப்போது என்று.
உங்களுக்கு வலப்பக்கத்துக் கொட்டையில் ஒரு வடு.
அதுவாகப் பொறி தட்டிக்கொள்கிறது."

எடுத்துவிட்டால் பயமே வராதா டாக்டர் என்றேன்.
இன்னொன்று இருக்கிறதே என்றார்.

திருவனந்தபுரத்தில் வெட்டி எடுத்தார்கள்.
ரயிலில் திரும்பும்போது
பணகுடிக் காற்றாடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.
நாற்பதைத் தாண்டியும்
ஒன்றும் ஏறவில்லை.

ஆனால், பாம்பு பாம்பென்று
பக்கத்து வீட்டுச் செய்யதம்மாள் வாயைப் பிளந்து நின்றபோது
கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தேன்.
தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

மார்கழி மழையில் பாளையங்கால்வாய் உடைந்த ராத்திரி
தண்ணீர் வாசற்படியை நக்கியது.
தெருவே கத்த
நான் கட்டுகளை எண்ணினேன்.
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு,
நாற்பது கட்டு ஆயிரம்.
இலைமூட்டையைப் பரணில் ஏற்றினேன்.
தூள் டப்பாவை ஏற்றினேன்.
கட்டிலில் காலைத் தொங்கவிட்டு
நிஸா தூங்கிக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டது.

அப்போது ஏறியது.
மெல்ல,
இடப்பக்கமாக ஏறியது என்று சொன்னால்
டாக்டர் சிரிப்பார்,
வாசம் எதுவும் இல்லாமல்
ஒரு காரணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு.

பிள்ளையை வாரித் தோளில் போட்டு
மச்சுப்படி ஏறும்போது
நெஞ்சு அடித்த அடியில்
வந்துட்டியா என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.
யார்ட்ட ளா பேசினே என்று
மறுநாள் செய்யதம்மாள் கேட்டாள்.

நனைந்துபோன ஏழு கட்டைக்
கம்பெனிக் கணக்கப்பிள்ளை கழித்துப் போட்டான்.
கோபம் மட்டும்
உடனே வந்தது.