பத்து வரை எண்ணும் கணக்கு

மீன்பெட்டி மூடியில் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார் ஹானுஸ்:
மூன்று, ஐந்து, இரண்டு.
போன வாரம் நான்கு, நான்கு, இரண்டு.
எப்படிக் கூட்டினாலும் பத்துதான்.
பதினோராவது ஆள்
கையுறையைப் பல்லால் இறுக்கிக்கொண்டு
மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான்கு பேர் பின்வரிசை நல்ல வேலி.
நடு மைதானத்தில்தான் இடிக்கும்.
எதிரணி அங்கே மூன்றாவதாக ஒருவனை இறக்கினால்
எங்கள் பார்டுர்
ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குப் போனவன்,
எந்தப் பந்தியிலும் இடம் கிடைக்காது.

ஐந்து பேர் நடுவில் நின்றால் பந்து நம்மிடம் தங்கும்.
அதற்கு விலை ஓரங்கள்.
வலது ஓரம் முழுக்க ரோய் ஒருவனுக்கு.
ஃபாரோ தீவின் மேடெல்லாம் தபால் சுமந்த கால்,
களைக்காது என்கிறார் ஹானுஸ்.
மேலே ஏறுவான்.
அவன் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் புல்லிலிருந்து
புறப்படுவதெல்லாம்
என் முகவரிக்கே வரும்.

இன்று வடமேற்குக் காற்று.
நான் உதைத்த பந்து பாதி வழியில் யோசித்து
அவர்களுடைய சிவப்புத் தலைக்காரனிடம் இறங்கியது.
ரோய் எங்கோ கடல் பக்கம்.
கோட்டை விட்டு ஓடினேன்.
அந்த நொடியில் எங்கள் வரிசை:
ஒன்று.

முழங்காலில் பட்டு வெளியே போனது.
வாயெல்லாம் மண்.
பண்டிகை முடிந்தபின் வரும் வாழ்த்தட்டையாக
மூச்சிரைக்க வந்து சேர்கிறான் ரோய்.
"அருமை ரோய், நல்ல ஓட்டம்!" ஹானுஸின் குரல்.

கார்னர்.
பத்துப் பேரும் என் வாசலில் வந்து
என் காலையே மிதிக்கிறார்கள்.