ஒன்பதாம் அறை

லா ப்ரோக்ரி, மனிடோபா. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொட்டகைக்குள் போகக் குளிக்க வேண்டும்,
வெளியே வரவும் குளிக்க வேண்டும்.
இரண்டு முறை குளித்தும்
காதுமடலில் மிச்சமிருக்கிறது நாற்றம்.

இருபத்தோராம் நாள் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள்.
அன்றிரவு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
கம்பியைச் சப்பிக்கொண்டு கிடக்கும்.
மூன்றாம் நாள் கழிச்சல்.
ஐந்தாம் நாள் தள்ளுவண்டியோடு ரோடெல் வருவான்,
பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி எண்ணுவான்,
அவன் மொழியில்.
நான்குக்கு ஆபாத் என்று பெயராம்.
முதல் தடவை எனக்கு ஆபத்து என்றே கேட்டது.

அதனால்தான் துத்தநாகம்.
டன்னுக்கு மூன்று கிலோ, மாவு போல் வெள்ளை.
கால்நடை மருத்துவரிடம் சீட்டு வாங்கித் தந்தவள் நான்.
ஒரே வாரத்தில் சாணம் கெட்டிப்பட்டது.
வண்டி சுவரோரம் சாய்ந்து நின்றது.
கில்பேர் ஒரு பெட்டி சாசேஜ் கொடுத்தார்.
பன்றி தின்பதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?
இன்னும் என் ஃப்ரீசரில் இருக்கிறது.

பிறகு நாற்பது குட்டிகளின் மலம்
வின்னிபெக் ஆய்வகத்துக்குப் போனது.
கிண்ணத்தில் மருந்து வட்டைச் சுற்றி
நிலவுக்கு ஊர்கோள் போல்
ஒரு வெறுமை விழ வேண்டும்.
விழவில்லை.
வட்டின் விளிம்புவரை கிருமி,
புல்தரை மாதிரி, கூச்சமே இல்லாமல்.

"நான்கு வருஷமாய் ஒரு ஊசி போடவில்லையே" என்றார் கில்பேர்.
உண்மை. அவருடைய பேரேட்டில் கறையில்லை.
காகித மேஜைவிரிப்பில் வளையம் வரைந்து காட்டினேன்:
உலோகத்தை வெளியே துப்பத் தெரிந்த மரபணு இது.
இதே வளையத்தில் அடுத்தது, மருந்தை மறுப்பது.
சாவிக்கொத்துதான்.
வீட்டுச் சாவி வேண்டுமென்று எடுக்கிறோம்,
எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவியும்
கூடவே வந்துவிடுகிறது பைக்குள்.

தினம் தினம் எடுக்கச் சொன்னது
என் மூன்று கிலோ.

பாம்புக்குப் பால் வார்ப்பதைப் பற்றிச் சொல்வார்கள்.
நாங்கள் பாலை நிறுத்திவிட்டு
நாகத்தை வார்த்தோம்.
உடம்பில் ஒட்டியது கொஞ்சம்.
மற்றதெல்லாம் குழியில் கிடக்கிறது,
பனி உருகியதும் கனோலா வயலுக்குப் போகும்.

அவர் அந்தக் காகிதத்தைக் கிழித்து
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
"ஒரு அறையில் மட்டும் நிறுத்திப் பார்ப்போம்."

ஒன்பதாம் அறை. வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டினோம்.
ஓட்ஸ் உமி, கொஞ்சம் அமிலம், குறைத்த புரதம்.
புத்தகத்தில் இருந்ததெல்லாம் செய்தோம்,
ரோடெல் இரவில் எழுந்து வந்து
வெந்நீரில் கஞ்சி கரைத்து வைத்தான், யாரும் சொல்லாமல்.

இன்று ஐந்தாம் நாள்.
"இசா" என்றான். "தலாவா. தத்லோ."
நான்காவதை வண்டியில் போடவில்லை.
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.
அதன் விலா ஏறி இறங்கியது.

அடுத்த வாரத் தீவனப் படிவம் என் கையில்.
எல்லாம் நிரப்பியாயிற்று,
துத்தநாகத்தின் கட்டம் தவிர.
பன்னிரண்டு மணிக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும்.
மணி பதினொன்று இருபது.
இனிமேல்தான் குளிக்க வேண்டும்.