பன்னிரண்டாவது பெயர்

தக்கலை ஆர்.டி.ஓ. ஆபீசில்
ஏழாம் தடவை பேசுகிறார்கள்.
இரண்டு துறைக்காரருக்கும் ஒரே தட்டுப் பழம்பொரி,
யாரும் தொடவில்லை.
"உங்க பயலுவள நீங்களே பிடிச்சுத் தாங்க,
பெறவு எல்லையப் பேசலாம்."

வாசலில் நான், ஊர்க்காவல் படை.
காக்கி சர்க்கார் தந்தது;
தையல் பிரித்தால் கருவாட்டு மணம்.

பட்டியலில் பன்னிரண்டு பேர்.
பதினொன்றை நடுச்சாமத்தில் கதவு தட்டி
ஜீப்பில் ஏற்றினேன்.
மண்ணை வாரி எறிந்தாள் செலின்மேரி,
மண்ணுக்கு முன்னால் என் அப்பன் பெயரை.

பன்னிரண்டாவது ததேயூஸ்.
என் பெண்டாட்டியின் தம்பி,
என்னோடு கம்பாவலை இழுத்தவன்.
ஓடைக்கரைத் தாழைக்குள் கிடக்கிறான்,
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று
உள்ளே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

மூன்றரைக்குப் போன் வந்தது.
எதிர்த்துறையில் குண்டு.
இரண்டு வள்ளம்,
வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பையனின் வலது கை.
நாற்காலிகள் தரையில் உரசின.
எட்டாவதற்குத் தேதி குறிக்கவில்லை.
பழம்பொரியை நாய்க்குப் போட்டான் டவாலி.

ராத்திரி அவள் சோறு விளம்பினாள்.
என் தட்டில் கொஞ்சம்.
வாழையிலையில் பொதிந்து, நூல் சுற்றி,
இன்னும் கொஞ்சம்.

"போற வழிதானே" என்றாள்.

நான் சட்டையை
இன்னும் கழற்றியிருக்கவில்லை.