கம்பளிக் கொழுப்பு

கடலுக்கு அடியில் போகிற சுரங்கச் சாலையில்
ஹானுஸ் ஒரு கையால் காரை ஓட்டுகிறார்.
மறுகை
சீட் பெல்ட்டை மார்பிலிருந்து
இரண்டு விரல் தள்ளிப் பிடித்திருக்கிறது.

தலைக்கு மேலே அட்லாண்டிக்.
அதன் கனம் அவருக்குத் தெரியவில்லை.
சட்டையின் கனம் தெரிகிறது.

புராஸ்டேட்டுக்கு மாத்திரை கொடுத்தபோதே
செவிலி சொல்லியிருந்தாள்:
ஆண் ஹார்மோனை இது அண்டவிடாது,
மார்பு வீங்கலாம், காம்பு கூசலாம், வலிக்கலாம்.
வானிலை அறிக்கைக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டினார்.
பாரோ தீவில் மழை வரலாம் என்பதை
யார் காதில் வாங்குகிறார்கள்?

வந்தது.
பட்டும் படாமல் நடந்துகொள் என்பார்களே,
அதைச் சட்டையிடம் சொல்ல முடியவில்லை.
ஷவர்த் தண்ணீரிடமும்.
மனைவி பின்னிய ஸ்வெட்டரில்
ஒவ்வொரு இழையும் ஒரு முள்.
குப்புறப் படுத்தே அறுபத்தேழு வயதானவர்
மல்லாந்து, கூரையைப் பார்த்துக் கிடக்கிறார்.

தொட்டுப் பார்த்தார்.
தோலுக்கடியில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு கட்டி.
தெரிந்த பொத்தான்.

பதிமூன்று வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க
இதே இடத்தில் இருந்தது.
பள்ளித் திடலில் பந்து வந்து மார்பில் மோத
கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
கண்ணில் காற்று பட்டதாகச் சொன்னான் அந்தப் பையன்.
செத்துப்போகப் போகிறோம்,
அல்லது பெண்ணாகிவிடுவோம்:
எது முந்தும் என்று தெரியாமல்
இருட்டில் விரல்விட்டு மாதங்களை எண்ணினான்.
யாரையும் கேட்கவில்லை.
அடுத்த வருடம் அது கரைந்துபோனது,
வந்ததற்கும் போனதற்கும் ஒரு வார்த்தை இல்லாமல்.

இதை எழுதுகிற மொழியில்
ஆண்பால் என்ற சொல்லுக்குள்ளேயே பால் இருக்கிறது.
ஹானுஸுக்கு இது தெரியாது.
தெரிந்தாலும் என்ன,
வலி இலக்கணம் பார்த்தா வருகிறது.

ஜூலையில் மயிர் கத்தரிப்பு.
மலையிலிருந்து ஓட்டிவந்த ஆடுகளில்
ஒரு கறுப்புப் பெட்டை, தலையைச் சிலுப்பி
நேராக அங்கேயே முட்டியது.
ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.
பட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
விலா எலும்பு, என்றார்.
மச்சான் டானியல் மட்டும் சிரிக்கவில்லை,
கத்தரியைத் துடைத்தான்.

வீட்டில் மகள் ரன்வா.
ஐந்து வாரக் குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம்
அவள் கால்விரல்கள் சுருண்டுகொள்ளும்.
முடிந்ததும் இரண்டு விரலால்
சட்டையைக் கிள்ளித் தூக்கிப் பிடிப்பாள், துணி படாமல்.
தலை நிமிர்ந்தாள்.
எதிர் நாற்காலியில் அப்பா
அதே இரண்டு விரல், அதே இடம்.

ஒன்றும் கேட்கவில்லை.
காபிக் கோப்பைக்கு அருகில் ஒரு களிம்பு ட்யூபை வைத்துவிட்டு
குழந்தைக்கு ஏப்பம் விடத் தோளைத் தந்து
ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

ட்யூபின் மேல் ஒரு ஆட்டின் படம்.
கண்ணாடி போட்டுப் படித்தார்:
தூய கம்பளிக் கொழுப்பு.
தாய்மாருக்கு.

ஐம்பது வருடமாகக் கத்தரிப் பிடியில் ஒட்டி
கதவுக் குமிழில் ஒட்டி
எத்தனை சோப்புக்கும் போகாத அதே பிசுக்கு.
மனைவி திட்டிய அதே நாற்றம், இப்போது நாற்றம் நீக்கி,
விரல் நீளத்துக்கு முந்நூறு குரோனர்.
குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு
தனியாகச் சிரித்தார்.
சிரித்தால் வலித்தது.

மறுநாள் பட்டியில் டானியல் கேட்டான்:
விலா எப்படி?

விலா இல்லை, என்றார் ஹானுஸ். முலை.

மழை பிடித்துக்கொண்டது.
டானியல் ரொம்ப நேரம்
ஆடுகளை எண்ணுவதுபோல் நின்றான்.
பிறகு, ஆடுகளைப் பார்த்தே சொன்னான்:
எனக்குப் பதினாலு வயசுல. இடது பக்கம் மட்டும்.

கடைசியாக நின்றது கிடா.
ஆளுக்கு ஒரு கொம்பாகப் பிடித்தார்கள்.