நூற்றுக்கு நாலு

ஊயுனி உப்புவெளி. இரவு பதினொன்று.
தகரக் கொட்டகைக்குள் எலோய்சா சோக்கே
ஏழாம் குளத்து நீரைக் கூட்டிப் பார்க்கிறாள்.
சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், லித்தியம்
ஒரு பக்கம்.
குளோரைடும் சல்பேட்டும் எதிர்ப்பக்கம்.
இரண்டும் சமமாக வேண்டும்.
நூற்றுக்கு நாலு உதைக்கிறது.

நீர் பொய் சொல்லாது.
குளத்தில் கைவிட்ட எவருக்கும்
இதுவரை ஷாக் அடித்ததில்லை.
இத்தனை கூட்டலுக்கும் ஈடான கழித்தல்
உள்ளேதான் எங்கோ கரைந்து கிடக்கிறது.
தவறு தாளில்.

லித்தியத்துக்கு இருந்ததே மூன்று எலக்ட்ரான்.
அதிலும் வெளியே தனியாக நின்ற ஒன்றை
எந்த எரிமலைக் காலத்திலோ விட்டுவிட்டது.
"இழந்ததற்குப் போய்க் கூட்டல் குறியா?"
ஒரூரோ கல்லூரியில் கேட்டாள்,
வகுப்பே சிரித்தது.

போன வாரம் மகள் தீக்காவுக்கு முன்பல் விழுந்தது.
தலையணைக்கடியில் வைத்த பல்லை எடுத்துக்கொண்டு
எலி ஒரு காசு வைத்துவிட்டுப் போனது.
ஓட்டை வாயோடு அவள் காசைக் காட்டியபோது
குறி சரிதான் என்று பட்டது.
காசு வைத்த எலி
கடன் வாங்கித்தான் வைத்தது, அது வேறு கதை.

மூன்றாம் முறை கூட்டுகையில் கண்ணில் படுகிறது
போரேட்.
எழுத மறந்த கழித்தல்.
நாலு, அரையாகச் சுருங்குகிறது.
அரை பரவாயில்லை என்கிறது கையேடு.
கையெழுத்துப் போடுகிறாள்.

வெளியே பனிக்காற்று, சொட்டு ஈரமில்லை.
அல்பாகாக் கம்பளியை இழுத்து மாட்டிக்கொண்டு
கதவுப் பிடியைத் தொடுகிறாள்.

சுளீர்.

விரலை உதறிக்கொண்டு
தாளைத் திரும்பிப் பார்க்கிறாள்.